லீவு: சில பொருள்கள்

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
போர்ட்டா கேபின் நம்பர் நான்கு.
ஏசிக்குக் கீழே ஒரு பெயின்ட் டப்பா
சொட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.
ஆறு வருடமாக இங்கே உட்கார்ந்து
மற்றவர்களின் விடுப்பை எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
நீல அட்டை அகராதி ஒன்றை
விட்டுவிட்டுப் போயிருந்தார்.
லீவ் என்ற சொல்லுக்கு அதில் அரைப் பக்கம்.
போ. நீங்கு. கைவிடு. மிச்சம் வை.
அனுமதி. விடைபெறுதல்.
போகச் சொல்லவும் போக விடவும்
போனபின் கிடப்பதைச் சொல்லவும்
எப்படி ஒரே சொல் என்று
சம்பள வாரத்தில் யோசிக்க முடியாது.

பாரத்தில் ஒரு கட்டம்: லீவுக்குக் காரணம்.
சங்ககிரி செங்கோடன் எழுதினான்: கிணறு.
அவ்வளவுதான். கிணறு.
மேனேஜர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

விடுப்பு விண்ணப்பம் என்று
தமிழில் எழுதி நான் கதவில் ஒட்டியதைப் பார்த்து
கிளிநொச்சி தவராசா வயிறு குலுங்கச் சிரித்தார்.
"எங்கட பக்கம் விடுப்பெண்டா ஊர்ப்புதினம்.
விடுப்புக் கேக்க ஒரு பாரமோ?"

பி.ஆர்.ஓ. ஹிலால் அதை இஜாஸா என்பான்.
அனுமதிக்கும் அவனிடம் அதே சொல்தானாம்.

வேதமுத்துவுக்கு வருகிறேன்.
ஜூலை. மதிய ஓய்வுக்குச் சங்கு ஊத
ஐந்து நிமிடம் இருக்கையில்
மகளுக்குக் காதுகுத்து, பதினைந்து நாள் என்று
ஃபோர்மேன் க்ரெஸ்போவிடம்
தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான்,
சூடேறிய ஃபிளாஞ்ச் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி.
கிரைண்டர் சத்தத்துக்கு மேலே க்ரெஸ்போ கத்தினார்:
லீவ் இட்! லீவ் இட்!

அன்று மாலையே வாங்கிவிட்டான்.
டேங்க் இரண்டு டப்பா, கோடாலித் தைலம் ஒரு டஜன்,
பிஸ்தா, துவாலை,
அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவாகத் தோடு.
அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் இறுக்கி
நாலு பக்கமும் பெயர் எழுதினான்.
கீழே, வழி: திருவனந்தபுரம்.
அறையில் ஆளுக்கொரு பொட்டலம் திணித்தாயிற்று.
மூன்றாம் நாள் டிக்கெட் கேட்டு
என் மேசை முன் நின்றான்.

திரையில் அவன் பெயருக்கு நேரே
மந்த்ஸ் லெஃப்ட்: பதினொன்று.
அதுவும் அந்தச் சொல்தான், இறந்தகாலத்தில்.
மிச்சம் என்று பொருள். இடது என்றும் உண்டு.
போய்விட்டான் என்றும்.

அவர் சொன்னது கையிலிருந்த இரும்பை, வேதமுத்து.
இதைச் சொல்ல என்னிடம்
அரைப் பக்கம் சொற்கள் இருந்தும்
பாதியில் தொண்டை அடைத்தது.
டீயோடு உள்ளே வந்த ஹிலால்
எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு
யாருக்கென்று இல்லாமல்
கல்லி வல்லி என்றான்.

கயிறு அறுத்த விரலைத் தேய்த்தபடி நின்ற வேதமுத்து
"விடுங்க சார்" என்றான்.

ஃபோர்மேன் சொன்னதும் சரியாக அதைத்தான்.

விடு.
முதல் எழுத்தில் ஒரு சுழி கூடினால் வீடு.
அந்தச் சுழியைப் போட
எனக்கு அதிகாரம் இல்லை.

இரவு பெட்டியைப் பிரித்தான்.
பொட்டலங்கள் அவரவர் கட்டிலுக்குத் திரும்பின.
தோடு மட்டும், கிணற்றுக்காகப் போகிறவனின்
சட்டைப் பைக்குள் போயிற்று.
பிஸ்தாவை நடுவில் கொட்டி
எல்லோரும் உடைத்துக்கொண்டிருந்தபோது
பக்கத்து அறையிலிருந்து தவராசா எட்டிப் பார்த்தார்.
"என்ன விடுப்பு?"

ஒரு விடுப்பும் இல்லை, அண்ணே,
என்றான் வேதமுத்து,
நகர்ந்து அவருக்கு இடம் விட்டு.