மினுக்காத துணி

நாலு ஞாயிறாய்ப் பீடத் துணி
சுருக்கத்தோடுதான் விரிந்தது.
முதல் கிழமை நினைத்தேன், அவவுக்கும் வயசு போகுது.
அடுத்த கிழமை, மறதி.
மூன்றாம் கிழமை சூசைதாசன் என் காதுக்குள் சொன்னார்:
"றெஜினாவுக்கு இப்ப ஆண்டவரின்ரை அலுவலும் அலட்சியம்."
பூச்சாடி வைக்கும் இடம் பற்றி
இரண்டு பேருக்கும் ஆறு வருஷச் சண்டை.

நாலாம் கிழமை, கிளின்ரனின் மனுசிக்குத்தான்
கேட்கத் தோன்றியது.
"அக்கா, அயன்பெட்டி பழுதோ?"

"அயன்பெட்டி கிடக்கு பிள்ளை.
குத்துறதுக்குத்தான் சுவர் இல்லை."

வீட்டுக்காரன் தன் மகனுக்கென்று
பேஸ்மென்ற்றைத் திருப்பி எடுத்து ஐந்து கிழமை.
லோறன்ஸ் வீதியில் இரவு பஸ்,
இந்த அந்தம் ஏறி அந்த அந்தம் இறங்கி
மறுபடி ஏறி.
காசு போட்டுத் தோய்க்கும் கடையில்
முதலில் பீடத் துணி, பிறகு தன் உடுப்பு.
ஒரே மெசினில் சேர்த்துப் போடவில்லையாம்.
காய்ந்ததை மடித்து, பையில் இட்டு,
பையை நிலத்தில் வைக்காமல்
மடியில் வைத்தபடி
விடியும்வரை.

இந்தக் கோயிலும் எங்களுடையதில்லை.
இத்தாலியரிடம் இரவல்,
ஞாயிறு பின்னேரம் இரண்டிலிருந்து நாலு.
நாலே காலுக்குக் கதவு பூட்டுவார்கள்.
ஸ்கார்பரோ முழுக்க எங்களுக்கு வீடுகள்,
கோயில் மட்டும் வாடகை என்று
பகிடி விடுவோம்.

மண்டபத்தில் கூடினோம். பற்றீஸ், தேத்தண்ணி.
காசு சேர்க்க இரண்டு ஞாயிறும் தேவைப்படவில்லை.
கடித உறைகள் தடித்து வந்தன.
நான் இருநூறு டொலர் போட்டேன்.
கைப்பையின் சிப்பை இழுத்தபோது
அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

மோர்னிங்சைட் பக்கம் ஒரு அறையும் கிடைத்தது.
ஜன்னலோடு.
வீட்டுக்காரி படிவத்தை நீட்டினாள்:
முதல் மாசம், கடைசி மாசம், எல்லாம் சரி.
இன்னொருவர் கையெழுத்து வேண்டும்,
இவ கட்டாவிட்டால் கட்டுகிறவர்.

பேனை மேசையில் கிடந்தது.
உரத்துச் செபிக்கிற ஞானப்பூ அக்கா
கைப்பைக்குள் எதையோ தேடினா.
சபைத் தலைவர் தேத்தண்ணி ஊற்றப் போனார்,
கேத்தலில் தண்ணியே இல்லை.
நான் ரெலிபோனைப் பார்த்தேன்,
யாரும் அழைக்கவில்லை.
என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது.
சும்மா என்றும் சொல்ல ஏலாது:
ஓடுகிற மெசின் ஒன்று,
அதன் கைபிடியில் காயப்போட்ட சேலைகள்.
அதை நான் அன்று சொல்லவில்லை.
இங்கேதான் சொல்கிறேன்.

"நீங்கள் போங்கோ எல்லாரும்," என்றா றெஜினா அக்கா,
"எனக்குப் பதினொன்றரைக்குத்தானே பஸ்."

சூசைதாசன் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.
கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்.
"முழுப்பெயர் என்ன?"
"றெஜினா."
"அது தெரியும். மிச்சம்?"
பதினெட்டு வருஷம் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.
அவ சொன்னா. அவர் எழுதினார், எழுத்துக்கூட்டி.
உறவுமுறை என்று ஒரு கட்டம்.
பேனை அதற்கு மேலே கனநேரம் நின்றது.
"சண்டைக்காரர் எண்டு போடுங்கோ."
அவர் சிரிக்கவில்லை.
எதையோ எழுதினார், கையால் மறைத்து.
வீட்டுக்காரி வாசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

வந்த ஞாயிறு
துணி மினுக்கி வந்தது, கடுதாசி மாதிரி.
வலப்பக்க மூலையில் மட்டும்
அயன்பெட்டி மூக்கின் அளவுக்கு
ஒரு மண்ணிறத் தீய்வு.
புதுச் சுவரின் சூடு பழகவில்லையாம்.

பூசைக்கு ஐந்து நிமிஷம் இருக்க
சூசைதாசன் ஒன்றும் பேசாமல் போய்
பூச்சாடியைத் தூக்கி
அந்தத் தீய்வின் மேல் வைத்தார்.

றெஜினா அக்கா எழும்பிப் போய்
அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தினா.