உடைந்த வகையில்

அருமனைச் சந்திப்பிலிருந்து மேல்ரோட்டில் என் கடை.
ஜெனோவா பந்தல், சவுண்ட், பாத்திரம்.
சிவப்பு நாற்காலி அறுநூறு, நீலம் இருநூறு,
மணமக்களுக்கு ஒரு ஜோடி சிம்மாசனம்,
அதில் ஒரு சிங்கத்துக்கு மூக்கு இல்லை.

பழைய நோட்டில் நாலு பத்தி.
போனது. வந்தது. வராதது. உடைந்தது.

கிராம சபை என்றால் முந்தின நாளே எனக்குக் காய்ச்சல் வரும்.
நாற்காலியில் உட்காரவா வந்தார்கள்?
ஏறி நிற்பார்கள்.
குடிதண்ணீர்க் கணக்கு வாசிக்கும்போது ஒன்று முறியும்.
தெருவிளக்குக்கு இரண்டு.
ஒரு காந்தி ஜெயந்திக்கு மட்டும் பதினொன்று.
'உடைந்த வகையில்' என்று எழுதி
தலைவர் வீட்டுக்கு நடந்தே
ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.

இப்போது தலைவர் இல்லை.
தேர்தல் வரும் என்றார்கள், வார்டு பிரித்தார்கள்,
அப்புறம் பேச்சில்லை.
தனி அலுவலர் இருக்கிறார். தங்கமான மனிதர்.
பதினைந்தாம் நாள் பணம் வங்கியில் ஏறிவிடும்.
கூட்டத்துக்கு நாற்பது நாற்காலி போதும்,
பில் நானூறுக்கு.
நாற்பதையும் கேமராவுக்கு முன்னால்
கூட்டமாகத் தெரியும்படி நெருக்கிப் போட
என் மகன் டென்சிங் படித்துவிட்டான்.
ஆள் குறைந்தால் என் லோடுமேன்கள் இருவர்
சட்டை மாற்றி உட்காருவார்கள்.
அந்தக் கூலியும் பில்லில் உண்டு.

பொற்றையை வாங்கிய கம்பெனி
கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியதும்
என் நாற்காலியில்தான்.
இருபது நிமிஷம். ஆட்சேபம் இல்லை.
நாற்காலிகள் தூசி படாமல் திரும்பின.

மூன்று வருஷமாக ஒன்றுகூட உடையவில்லை.
உடைவது பொற்றை மட்டும்,
காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும்.

வியாபாரிகள் சங்கத்தில் இதைச் சொல்ல நினைத்துத்தான் போனேன்.
பழைய நிர்வாகமே தொடரும் என்று வாசித்தார்கள்.
கை தூக்கச் சொல்லவில்லை,
கை தட்டச் சொன்னார்கள்.
சிமென்ட் கடை ராஜையன் என் தோளில் கைபோட்டு,
"காலத்த கட தொறக்கணும், ராத்திரி அடைக்கணும்.
நடுவுல உள்ளத அவங்க பாத்துக்கிடட்டும், என்னவே?"
அன்றைக்குப் பொரோட்டா நன்றாக இருந்தது.
நான் நாலு தின்றேன்.

பேபி கனகம் வந்தது ஒரு வியாழக்கிழமை, மழை.
ரப்பர் பால் மணம் கையிலிருந்து போயிருக்கவில்லை.
வெடியில் விரிந்த சுவரைப் போனில் காட்டினாள்.
"அண்ணே, அம்பது கசேர வேணும். ஞாயிறாழ்ச.
நாங்களே கூடிப் பேசப் போறோம். வாடக தருவோம்."

"ஒண்ணும் இல்ல பிள்ளே. எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கு."

எனக்குப் பின்னால்
கூரை வரைக்கும் சிவப்பு அடுக்கு.
அவள் அதைப் பார்த்தாள்.
கீழிருந்து மேலே,
மெதுவாக, எண்ணுகிறவள் மாதிரி.
"செரி அண்ணே" என்றாள்.
குடையை விரிக்காமலே இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை களியல் கல்யாணத்துக்கு
நிஜமாகவே லோடு போனது.
திரும்பும்போது பொற்றையடியில் டெம்போ வேகம் குறைந்தது.
நான் குறைக்கச் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசை ஸ்டூல், பிரம்பு, ஈசிசேர்,
பள்ளிக்கூட பெஞ்சு ஒன்று, கவிழ்த்த பெயின்ட் டப்பா.
அவரவர் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள்.
நடுவில் ஒரு சிவப்பு.
முதுகில் வெள்ளைப் பெயின்டில் 'ஜெனோ', மீதி அழிந்துவிட்டது.
'வராதது' பத்தியில், இரண்டாயிரத்து ஒன்பது,
ஒரு மாமோதீசா வீட்டில் விட்டுப்போனது.

இறங்கிப் போய்க் கேட்கலாம். என் பொருள்.
டென்சிங் என்னைப் பார்த்தான்.

அதன்மேல் ஒரு கிழவர் ஏறிக்கொண்டிருந்தார்.
யாரோ தோள் கொடுத்தார்கள்.
இடது பின்னங்காலில் அன்றைக்கே ஒரு கீறல் உண்டு,
எனக்குத் தெரியும்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்,
சத்தம் கேட்க வேண்டும்.