எட்டுக்கால் சில்லு

மின்வெட்டு முடிந்து
சாட்ஸ்வொர்த்தில் விளக்குகள் திரும்பிய நொடியில்
சலோஷ்னி மூட்லியின் ஹார்ட் டிஸ்க் செத்தது.
சுழலவில்லை. முனகவில்லை.
கருகிய டயோடின் வாடை மட்டும்
என் மேசைவரை வந்தது.

"வெள்ளிக்கிழமை வரிக்கணக்குக்குக் கடைசி நாள்."

அதே மாடல், அதே பதிப்பு எண்,
அதே மாதம் பிறந்த பலகை வேண்டும்,
டர்பன் முழுக்கத் தேடினாலும் சந்தேகம்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்தார்.
"சலுகை விலைன்னு ரெண்டா வாங்கினோம்.
இன்னொண்ணு வெருலத்துல, அவர்கிட்ட."
விவாகரத்தாகி நாலு வருஷம்.

புதன்கிழமை வந்தது அது,
ரொட்டி உறைக்குள், ஒரு வரி எழுதாமல்.

ஆறு திருகாணி. பலகை கச்சிதமாகப் பொருந்தியது.
தட்டு சுழன்றது. பிறகு
டிக், டிக், டிக்;
வீடு மாறி வந்தவன்போல்
முட்டி முட்டித் திரும்பியது உள்முள்.

ஒரே அச்சில் வார்த்தாலும்
ஒவ்வொன்றும் தன் ஊனங்களின் கணக்கைத்
தனியே எழுதி வைத்திருக்கிறது,
அரிசியளவு சில்லில்.
செத்த பலகையிலிருந்து அதைச்
சுடுகாற்றில் பெயர்த்து, மூச்சடக்கி
எட்டுக் காலையும் இதில் ஊன்றினேன்.

வரிக்கணக்கு இருந்தது.
அதன் கீழே 'மொசல் பே, டிசம்பர்' என்றொரு கோப்புறை.
நகல் எடுக்கவா?
"எல்லாத்தையும் எடு" என்றார், திரையைப் பார்க்காமல்.

வாசலில் நின்று கேட்டார்:
"அவரோடது இனி ஓடுமா?"
பலகையைத் திருப்பி மாட்டினால் ஓடும்.
அவர் சில்லை டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

"அப்ப மாட்டிக் குடுத்துடு."
இரண்டு படி இறங்கியவர் திரும்பினார்:
"அதுக்குக் கூலி அவர்கிட்ட வாங்கு."