இரவு இரண்டு பத்துக்கு

தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ரீசார்ஜ், மனு தட்டச்சு.
ஸ்டேஷன் பிரிண்டரில் மை தீர்ந்தால்
அரசாங்கம் என் கடைக்கு நடந்து வரும்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
பாக்கி எழுதிக்கொள்ளச் சொல்லும்.

வாசலில் கேமரா வைக்கச் சொன்னதும் அவர்கள்தான்.
என் காசு, என் கரண்ட்.
உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில்
அதன் கண்ணில் பூ விழுந்தது.
சவரிராயன் சாரின் ஸ்கூட்டி காணாமல்போன அன்று
தெருவே கூடி நின்று பார்த்தோம்:
வெள்ளையாக ஒன்று வந்தது,
வெள்ளையாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனது.
'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்கிற பலகை மட்டும்
இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை.
அதுதான் சோறு போடுகிறது.
சில்லறைக்காக யாரும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை,
ராத்திரி கல்லாவை முந்தானையில் முடிந்து
நாய்களுக்குப் பயந்து நடப்பதில்லை.
ஆனால் மெஷின் சொன்னதும்
மனுஷன் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறானே,
அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

போன மாசம் ரெக்சனைக் கூட்டிப்போனார்கள்.
மஞ்சள் மூட்டை கடத்தினானாம்.
சாட்சி, அவன் போன்.
இரவு இரண்டு பத்துக்கு
'இலங்கைக்கு நல்வரவு' என்று ஒரு செய்தி
அதில் வந்து உட்கார்ந்திருந்தது.
அவனோ மொட்டைமாடியில் கிடந்தான்,
கொசுவலைக்கு வெளியே ஒரு காலோடு.
அன்றைக்குக் கடலுக்கு டோக்கன்கூடக் கிடையாது.

"போன் பொய் சொல்லுமா?"
ஏட்டு கோட்டைச்சாமி கேட்டார்.
சொல்லாது சார்.
பொய் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.
கடல் அடங்கிய ராத்திரியில்
தலைமன்னார் டவர் உரக்கக் கூப்பிடும்,
கூப்பிட்ட பக்கம் அது திரும்பும், அவ்வளவுதான்.
துணி எடுக்க மாடிக்குப் போய்
நானே மூன்று தடவை வெளிநாடு போயிருக்கிறேன்,
பாஸ்போர்ட் இல்லாமல், நைட்டியோடு.
என்னையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
அவர் எழுதவில்லை.

ரெக்சனின் அம்மா இஞ்ஞாசியம்மாளுக்கு மனு தட்டினேன்:
'மேற்படி நேரத்தில் மேற்படி நபர்
இந்த ஊரில்தான் இருந்தார்.
கருவி வேறிடம் காட்டியது அவர் பிழையன்று.'
முப்பது ரூபாய்.
மீன் கூடைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள்.
மூன்றாம் நாள் பையனை விட்டார்கள்.
போனை விடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம்
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏட்டு வந்தார்.
கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.
ராத்திரி ரோந்துக்கு இப்போது நோட்டு இல்லையாம்,
குருசடிச் சுவரில் ஒட்டிய கட்டத்தை
நடுச்சாமத்தில் போய் ஸ்கேன் பண்ண வேண்டுமாம்.
பண்ணியிருக்கிறார்.
'எல்லைக்கு வெளியே' என்று காட்டியிருக்கிறது.
ஒருமுறை அல்ல, நான்கு இரவு.
ராமநாதபுரத்திலிருந்து மெமோ.
மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.
"கொஞ்சம் நல்லாத் தட்டும்மா,
இன்கிரிமென்ட்ல கை வச்சிருவானுங்க."

பழைய கோப்பைத் திறந்தேன்.
பெயரை மாற்றினேன்.
'அவர்' இருந்த இடத்தில் 'நான்' போட்டேன்.
வேறு எதையும் தொடவில்லை.

வாசித்தார்.
நடுவில் ஒரு வரியில் நின்றார்.
மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.
"எங்கயோ படிச்ச மாதிரி இருக்கே."
மனு என்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்.

முதல் தடவையாகப் பாக்கி சொல்லவில்லை.
போனை நீட்டினார்.
'முப்பது ரூபாய் பெறப்பட்டது' என்று
பெட்டி தெருவுக்கே கேட்கக் கத்தியது,
சட்டென்று திரும்பிப் பார்த்தார்,
பிடிபட்டவர் மாதிரி.

ரெக்சன் போன் எப்ப சார் வரும்?
"மதுரை லேபுக்குப் போயிருக்கு."

மதுரைக்கா.
அங்கே தலைமன்னார் கூப்பிடாது.
எத்தனை ராத்திரி விழித்திருந்து கேட்டாலும்
சுத்தமான இந்தியன் என்றுதான் காட்டும்.
சாட்சி பிறழ்ந்தது என்று
அதற்கும் ஒரு மெமோ கொடுப்பார்களோ என்னவோ.
கொடுத்தால்
கோப்பை அழிக்காமல்தான் வைத்திருக்கிறேன்.