ஆடியில் ஒரு பிராசஸர்

புனலூரில் பழைய பிராசஸர் ஒன்று
ஆறாயிரத்துக்கு வந்திருக்கிறதாம்.
"சேச்சி, உங்க போர்டுல உட்காரும்,
பயாஸ் மட்டும் புதுசாக்கணும்" என்கிறான் சஜீவ்.

ஆறு நிமிஷ வேலை.
நடுவில் கரண்ட் போனால் போர்டும் போச்சு.

செங்கோட்டையில் ஆடிக் காற்று
யாரைக் கேட்டு வீசுகிறது?
என் யூபிஎஸ் மூன்றாம் நிமிஷம்
கூவிவிட்டுப் படுத்துவிடும்.

ஆவணியில் கரண்ட் நிற்கும்,
நான் நிற்க முடியாது.
தென்காசி முகூர்த்தம், ஆரியங்காவு தாலிகெட்டு,
ஒரு கல்யாண வீடியோ வெளியே வரப்
பதினோரு மணி நேரம்.
போன வருஷம் ஒரு மாப்பிள்ளை
தாலியைத் தூக்கிய கையோடு
நாற்பத்தொரு சதவீதத்தில்
விடியும்வரை நின்றார்.

"சேச்சி, லைன்ல இருக்கீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே
கம்பியும் கம்பியும் உரசுகின்றன.

"இருக்கேன்.
யூபிஎஸ் பேட்டரி
என்ன விலை சஜீவ்?"