பச்சைப் படிவம்

வீடு மாறி நாலாம் நாள்
முட்டை அவித்த பிறகுதான் பார்த்தேன்,
உப்பில்லை.

பாசலில் மூன்று நாடுகள்
கூப்பிடு தூரத்தில் கடை விரித்திருக்கின்றன.
எந்த நாட்டில் உப்பு வாங்குவது என்ற கேள்வி
பீலில் இருந்தவரை எனக்கு வந்ததில்லை.
அங்கே சனிக்கிழமை, கார், அவர் ஓட்டுவார்.
பட்டியல் என் கையெழுத்து,
கடை அவருடைய தெரிவு.

படியிறங்கினால் மிக்ரோ.
மொரோக்கோவிலிருந்து வந்த மூன்று பச்சைமிளகாய்
நகைப் பெட்டிக்குள் கிடப்பதுபோல் கிடந்தன.
விலையும் ஏறத்தாழ அப்படித்தான்.
மனிதரில்லாத கல்லாவில்
திரை கேட்டது:
வாடிக்கையாளர் அட்டை உண்டா?
இருந்தது. இருவருக்குமாய்ப் புள்ளிகள் சேரும்,
அவர் பெயரில்.
'இல்லை' என்ற பொத்தானை
இரண்டு தரம் அழுத்தவேண்டியிருந்தது.
மிளகாயோடு வெளியே வந்துவிட்டேன்.

ரயிலடிக்குப் பின்தெருவில் தமிழ்க்கடை.
கருவாடும் ஊதுபத்தியும் ஒரே தட்டில்.
நவநீதன் அண்ணை கறிவேப்பிலையைச் சுற்றிக்கொண்டே
"புதுசோ? முதல் எங்க இருந்தனீங்கள்?"
பீல்.
"பீலோ! அங்க எங்கட ஆக்கள் கன பேர்.
இவர் என்ன வேலை?"
ஒரு பிடி இலைக்கு நாலு கேள்வி.
"வீட்டில எத்தினை பேர்?"
மூன்று, என்றேன்.

ஒன்று என்றால் ஐந்தாவது கேள்வி வரும்.
இரண்டு என்றால் அதில் அவர் இருப்பார்.
மூன்றில் எனக்குத் தெரிந்த ஒருவருமில்லை.
பொய்க்கு ஏற்றபடி
பத்துக் கிலோ அரிசி வாங்கவேண்டியதாய்ப் போயிற்று.
மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது.
ஒவ்வொரு திருப்பத்திலும் மூட்டையை இறக்கி
மூச்சு வாங்கினேன்.
மற்ற இருவரும் கைகொடுக்கவில்லை.

சனிக்கிழமை எட்டாம் இலக்க ட்ராம்.
பாதி நகரம் உருளைப் பைகளோடு
ஜெர்மனிக்குப் போகிறது, பாலும் சலவைத்தூளும் வாங்க.
நானும் போனேன்.
அங்கே எல்லாம் பாதி விலை, எல்லாம் இரண்டு மடங்கு பெரிது.
யாரும் பின்னால் நின்று
"அது என்னத்துக்கு?" என்று கேட்கவில்லை.
பீற்றூட் எடுத்தேன்.
பதினொரு வருடம் அவருக்கு ஆகாது என்பதால்
எங்கள் வீட்டில் ஒருவருக்குமே ஆகாமல் போன பீற்றூட்.
ஒரு கட்டு. பிறகு இன்னொரு கட்டு.

கல்லாவில் ஸீபில்லா என்ற பெண்
"பச்சைப் படிவத்துக்கு ஐம்பது யூரோ தாண்டவேண்டும்,
உங்களுக்கு நாற்பத்தொன்பதுதான்" என்றாள்.
பின்னால் வரிசை பெருமூச்சு விட
ஓடிப்போய்
ஒரு போத்தல் செர்ரிப்பழம் கொண்டுவந்தேன்.

எல்லையில் ஒரு சாய்ந்த பலகை,
சங்கிலியில் கட்டிய பேனை.
பெயர்: துஷ்யந்தி.
தெரு என்ற கட்டத்தில்
பழைய தெருவின் முதல் எழுத்து தானாக விழுந்தது.
அதன்மேல் ஒரு கோடு.
பக்கத்தில், கொஞ்சம் நெருக்கமாக, புதிய தெரு.
அதிகாரி தாளையும் அட்டையையும் என்னையும் பார்த்து,
"இங்கேதான் இருக்கிறீர்களா?"
"ஓம்" என்று தமிழில் வந்தது,
பிறகுதான் "யா."
முத்திரை குத்தினார்.
அவ்வளவுதான். ஒருவர் நம்பிவிட்டார்.
மூன்று யூரோ நாற்பத்தேழு சென்ட்
அடுத்த தரம் வரும்போது திருப்பித் தருவார்கள்.
அடுத்த தரம்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன்.
பீற்றூட், செர்ரி, பால், சலவைத்தூள், நாலு எலுமிச்சை.
உப்பில்லை.

ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். ஐந்து ஐம்பத்திரண்டு.
செருப்போடு ஓடினேன்.
திரை அதே கேள்வியைக் கேட்டது.
ஒரு தரம் அழுத்தினேன்.

கோபமோ ஓட்டமோ, கறிக்கு உப்புக் கூடிவிட்டது.
பரவாயில்லை,
சோற்றைக் கூடப் போட்டுப் பிசைந்தேன்.
பத்துக் கிலோ கிடக்கிறதே.