துரத்தல் கணக்கு

தெமட்டகொடையில் நிஃப்ராஸின் கடையில் வாங்கியது
ஆறு மீன்.
சின்னச் சிவப்பு, இந்த நாட்டு ஓடைகளில் இருப்பது.
பொலித்தீன் பைக்குள் ஒட்டிக்கொண்டு
காலி வீதி நெரிசலில், ஓட்டோவில், என் மடியில்
ஒரே மீன் போல வந்தன.

வெள்ளவத்தை. நாலாம் மாடி,
கடல் தெரியாத பக்கம்.
தெரிகிற பக்கத்துக்கு வாடகை வேறு.
ரயில் போகும்போது மட்டும்
தொட்டித் தண்ணீரின் மேற்தோல் சிலிர்க்கும்.

அரை மணித்தியாலம் பையை மிதக்க வைத்து
அவிழ்த்து விட்டேன்.
ஐந்து நிமிடம் மூலையில் கூடி நின்றன.
ஆறாவது நிமிடம்
ஒன்று இன்னொன்றைத் துரத்தியது.

பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு சாண் தூரம், தண்ணீரில் ஒரு சிவப்புக் கீறல்.
ஓடியது பாசிக்குப் பின்னால் போய்
எதுவும் நடக்காத மாதிரி நின்றது.
துரத்தியது திரும்பித் தன் இடத்துக்கு வந்தது.
தன் இடமாம்!
போன கிழமை அந்த இடத்தில்
துடைக்கிற துணி கிடந்தது.

எனக்குத் தொழில் கணக்காய்வு.
பேனா அகப்பட்டால் கோடு போடுவேன்,
நாலு நிமிர்ந்தது, குறுக்கே ஒன்று.
வியாழன் இரவு எட்டிலிருந்து ஒன்பது: அறுபத்துமூன்று.
வெள்ளி: எழுபது.
பெரும்பாலும் அந்த வால் கிழிந்ததுதான் துரத்தும்.
அதன் வாலைக் கிழித்தது யார்?
அது பழைய வருடத்துப் பேரேடு,
என்னிடம் இல்லை.

நிஃப்ராஸுக்கு போன் எடுத்தேன்.
"கடிக்குதா மிஸ்?"
"இல்லை."
"செதில் கழண்டிருக்கா?"
"இல்லை."
"அப்ப சண்டயில்ல, அறிமுகம்.
ஆறு காணாது. இன்னும் அஞ்சு எடுங்க, பொண்ணாப் பாத்துத் தாறன்.
ஆறு பேருக்குள்ள ஆரண்டு தெரியும்.
பதினொண்டுக்குள்ள அவனுக்கே மறந்துரும்."
விற்கத் தெரிந்தவன்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

அந்தக் கிழமைதான் கீழே
ஒரு தூணுக்கு இடப்பக்கம் யாருடைய கார் நிற்பது என்று
இரண்டாம் மாடி சிறிஸ்கந்தராசாவும்
ஆறாம் மாடி இம்மானுவேலும் கத்திக்கொண்டார்கள்.
பிறகு லிஃப்டில் இருவரும்
மாறும் இலக்கத்தையே பார்த்தபடி ஏறினார்கள்.
நடுவில் நான்,
கையில் மீன் தீன் டப்பா.

எட்டாம் இரவு கரண்ட் போனது.
பம்ப் நின்ற பிறகுதான்
அது இவ்வளவு நாளும் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது.
போன் வெளிச்சத்தில் பார்த்தால்
ஆறும் நடுவில், ஒரே திசைக்கு முகம் வைத்து,
பைக்குள் இருந்த அதே ஒழுங்கில்.
காற்றுக் கலக்கட்டும் என்று
டம்ளரால் அள்ளி அள்ளி ஊற்றினேன்.
ஒவ்வொரு ஊற்றலுக்கும் ஒருமிக்க விலகி
ஒருமிக்கச் சேர்ந்தன.
அந்த மணித்தியாலத்துக் கணக்கு சைபர்.
எழுதவில்லை, கொப்பி இருட்டில்.

வெளிச்சம் வந்தது.
கிழிந்த வால் உடனே பாய்ந்தது.
வெட்கமில்லாமல் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சம்பளத்தன்று ஐந்தைக் கொண்டுவந்தேன்.
பதினொன்று. எண்ண முடியவில்லை,
கோடு போடப் போனால் கண் தப்பிவிடுகிறது.
கிழிந்த வால் பாதித் துரத்தலில் நிற்கிறது,
அறைக்குள் வந்து
என்ன எடுக்க வந்தோம் என்று யோசிக்கிற ஆள் மாதிரி.

இன்று காலை, பல் தேய்த்தபடி
பாசிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.
குண்டூசித் தலையிலும் சின்னதாக,
கண்ணாடி நிறத்தில்,
ஏழெட்டு முட்டை.

என்றால், அந்தக் கோடுகளில்
எத்தனை கோபம், எத்தனை மற்றது?
எல்லாவற்றையும் ஒரே நிரலில் போட்டிருக்கிறேன்.
பதினாறு வருடம் இந்தப் பிழைக்குத்தான்
மற்றவர்களின் பேரேட்டில்
சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

வாய் கொப்பளித்துவிட்டு
உருப்பெருக்கிக் கண்ணாடியோடு திரும்பி வந்தால்
பதினொன்றும் பாசியில் கூடி நிற்கின்றன.
தள்ளுப்பட்டுக்கொள்ளவில்லை,
யாரும் யாரையும் துரத்தவில்லை.
மிக ஒற்றுமையாகத்
தின்றுகொண்டிருந்தன.